காற்று கிழக்கிலிருந்து, வெள்ளம் மேற்கிலிருந்து: கடலூர், புதுச்சேரி வீடுகளும் தெருக்களும் புயலுக்குத் தயாராவது எப்படி

புயலுக்குத் தயாராவது என்றால் மெழுகுவத்தி, பிரெட், பால் பாக்கெட் வாங்கி வைப்பது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். அது கடைசி நாள் வேலை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே நமக்கு வருவது ஒரு ஆபத்து இல்லை, இரண்டு. காற்று கடலிலிருந்து வரும். வெள்ளம் மேற்கிலிருந்து, ஆறுகளின் வழியாக வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு இன்னொன்றுக்கு உதவுவதும் இல்லை.

மூன்று ஆண்டுகளை நினைவுபடுத்திப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அது காற்றின் ஆண்டு. 2015 நவம்பர் 9 அன்று கரையேறியது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பெயர்கூட இல்லை. ஆனால் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை வெள்ளம் வீடுகளோடு ஆட்களையும் அடித்துச் சென்றது. 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல் காற்றில் சாதாரணம்தான். கரையேறிய பிறகு புதுச்சேரி அருகே நகராமல் நின்றுகொண்டு, 24 மணி நேரத்தில் நகரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை ஓய்ந்து, ஜனங்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்த நேரத்தில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையோர ஊர்களிலும் பாகூர் பக்கத்திலும் வெள்ளம் புகுந்தது அதற்குப் பிறகுதான்.

அதனால் மழை விட்டுவிட்டது என்பதற்காக நம் ஊரில் ஆபத்து முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி மழைத்துளி விழுந்து இரண்டு நாள் வரை ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும்

முதல் வேலை இதுதான். வெயில் காலத்திலேயே செய்துவிடலாம், காசு செலவில்லை. உங்கள் வீட்டுக்கு எந்த ஆற்றின், எந்த ஏரியின் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தென்பெண்ணைக் கரையில் இருந்தால் சாத்தனூர் அணையைக் கவனிக்க வேண்டும். அதன் முழு மட்டம் 119 அடி. நவம்பரில் மட்டம் அதை நெருங்கி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் கனமழையும் பெய்தால், அணையில் இடமில்லை, வருவது அப்படியே கீழே வரும் என்று பொருள். சங்கராபரணிக் கரையில், வில்லியனூர் பக்கம் இருப்பவர்களுக்கு வீடூர் அணை. அதன் மட்டம் 32 அடி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்துக்கு வீராணம் ஏரி. அதன் முழு மட்டம் 47.5 அடி, உபரி நீர் வெள்ளியங்கால் ஓடையில் விடப்படும். கொள்ளிடக் கரைக்கு மேட்டூரும் கீழணையும். அணைகளின் மட்டமும் நீர்வரத்தும் தினசரிகளில் நாள்தோறும் வருகிற செய்தி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அதைப் படிப்பதை ராசிபலன் பார்ப்பது போலப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கெடிலம் வேறு மாதிரி. அதில் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் பெரிய அணை கிடையாது. மேலே கொட்டினால் நேராகத் திருப்பாதிரிப்புலியூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே வந்து நிற்கும், முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக்குப் பரவனாறும் பெருமாள் ஏரியும். புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர் போன்ற தாழ்வான பகுதிகளுக்கு ஆறே தேவையில்லை, பெய்கிற மழையே போதும். கடல் மட்டம் ஏறியிருக்கும்போது வாய்க்கால்கள் வடியாது, தண்ணீர் அங்கேயே நிற்கும்.

2015இல், 2024இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெருவில் வயதானவர்களைக் கேட்டு, மின்கம்பத்திலோ சுவரிலோ பெயின்டால் கோடு போட்டு ஆண்டை எழுதுங்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு அடி மேலே இருப்பதுதான் பத்திரமான இடம். இன்வெர்ட்டர், பத்திரப் பெட்டி, அரிசி டின், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கோடு முடிவு செய்யட்டும்.

கூண்டு எண்ணும் மழை அளவும்

கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு எண்ணைச் செய்தியில் கேட்கிறோம், பலருக்குப் பொருள் தெரிவதில்லை. 1, 2 என்றால் தொலைவில் கடலில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகமும் காற்று, மழையால் பாதிக்கப்படலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. இந்த இரண்டு தொகுதியிலும் மூன்று எண்கள் இருப்பதற்குக் காரணம் புயலின் பாதை. 5, 8 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம், 6, 9 என்றால் வலப்பக்கம், 7, 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ கடக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இடம் வலம் ஏன் முக்கியம் என்றால், நம் பக்கத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். கரையேறும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும், கடல் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. ஆக, பரங்கிப்பேட்டையில் கரையேறினால் தேவனாம்பட்டினமும் தாழங்குடாவும் கடலைப் பார்த்துப் பயப்பட வேண்டும். மரக்காணத்தில் ஏறினால் கடல் எழும்பும் பயம் குறைவு, ஆனால் மழைக்கு விலக்கில்லை.

மழை எச்சரிக்கையில் கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை 21க்கு மேல். 48 செ.மீ. என்பது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு: 1000 சதுர அடி மொட்டை மாடியில் அது 45,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட நான்கு. அத்தனையும் மாடியின் இரண்டு மூன்று வடிகுழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். குழாய் வாயில் மாவிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டு ஒரு முக்கால் அடி தண்ணீர் நின்றால், அந்த மாடி 20 டன்னுக்கு மேல் சுமக்கிறது. பழைய வீட்டின் கூரை தாங்காது. கைப்பிடிச் சுவர் உள்ள எல்லா வீட்டிலும் புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள்.

காற்றுக்கு வீட்டைக் கட்டுவது

காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. இது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். அதிகமாக இழுபடுவது ஓரங்களும் மூலைகளும் முகடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், தகர ஷீட் போட்ட வீடுகளில் நடுவில் எத்தனை ஜே போல்ட் (ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் வளைந்த போல்ட்) இருக்கிறதோ, ஓரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பழைய போல்ட்டைப் பார்க்கும்போது மேலே தெரியும் நட்டை மட்டும் பார்க்காதீர்கள். கடற்கரையில் உப்புக்காற்று, ஷீட்டுக்குக் கீழே வளைந்திருக்கும் பகுதியைத்தான் முதலில் தின்னும். வீட்டுக்குள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். வாஷர் வெடித்திருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி மரச்சட்டத்தை இற்றுப்போகச் செய்யும். இற்ற சட்டத்தில் புதுப் போல்ட் போட்டும் பயனில்லை.

ஷீட்டின் மேல் கருங்கல், செங்கல், பழைய டயர் வைப்பது நம் பக்கத்தில் வழக்கம். வேண்டாம். ஷீட் எழும்பினால் அந்தக் கல் அடுத்த வீட்டின் மேல்தான் விழும். வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் 10 கிலோ மணல் மூட்டைகள் இரண்டை ஒரே கயிற்றின் இரு முனையிலும் கட்டி, முகட்டின் இரு பக்கமும் தொங்கும்படி போடுங்கள்.

கூரை வீட்டுக்குப் பழைய மீன்வலையைப் போர்த்திக் கட்டும் முறை நல்லது. கீற்று ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போவதை வலை தடுக்கும். ஆனால் வலையைத் தாழ்வாரக் கம்பில் கட்டாதீர்கள், கம்போடு சேர்ந்து பறக்கும். மூன்றடி சவுக்கு முளையை இரண்டடி ஆழம், தலை வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடித்து, அதில் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். இதெல்லாம் சூறைக்காற்றுக்கும் சிறு புயலுக்கும். கூண்டு எண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் கூரை வீட்டிலும் ஷீட் வீட்டிலும் ஒரு உயிரும் இருக்கக் கூடாது. பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்கோ கான்கிரீட் பள்ளிக்கூடத்துக்கோ பகல் வெளிச்சத்திலேயே போய்விட வேண்டும்.

மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்க்கைப் புயலுக்கு முன் நிரப்பி வையுங்கள். காலி டேங்க் ஒரு ஆள் தூக்கும் எடை, காற்றுக்குப் பந்து மாதிரி. 500 லிட்டர் நிரம்பினால் 500 கிலோ, அசையாது. கரண்ட் போன பிறகு அந்தத் தண்ணீர்தான் ஒரு வாரத்துக்குக் கழிப்பறைக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். மூடியைக் கயிற்றால் கட்ட மறக்க வேண்டாம். டிஷ் ஆன்டெனா, பூந்தொட்டி, துணி காயப்போடும் கம்பி, கடை முன்னால் நிற்கும் பிளெக்ஸ் போர்டு, எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டினால் உடையாது என்பது தவறு, உடையும், துண்டு கொஞ்சம் பெரிதாக விழும், அவ்வளவுதான். அரை அங்குல பிளைவுட் அடிப்பது பலன் தரும். முடியாவிட்டால் கண்ணாடி இல்லாத உள் அறையில் படுங்கள்.

காற்று அடிக்கும் பக்கத்துக் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே மேலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கூரை போகிறது.

நடு இரவில் காற்று சட்டென்று அடங்கி, வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம். அது புயலின் கண். சில நிமிடமோ ஒரு மணி நேரமோ இருக்கும். அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று அடுத்து தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்பி வரும். முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் இரண்டாம் பாதியில் மறுபக்கம் விழும். கண் கடக்கும்போது மாட்டைப் பார்க்க, ஷீட்டைச் சரிசெய்ய வெளியே போகிறவர்கள்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மரங்கள்

மரத்தை மழைக்காலத்தில் கழிக்காதீர்கள். ஆடியிலேயே செய்துவிட வேண்டும், வெட்டிய இடம் காய்ந்து மூடிக்கொள்ளும். முந்திரி, பலா, வேம்பு, தூங்குமூஞ்சி எதுவானாலும் நுனியை மொட்டையடிப்பதைவிட உள்ளே அடர்ந்திருக்கும் கிளைகளை எடுத்து, காற்று நடுவே புகுந்து போகிற மாதிரி விடுவதுதான் முறை. தென்னையில் முற்றிய தேங்காய்க் குலைகளையும் தொங்கும் அடிமட்டைகளையும் புயலுக்கு முன் இறக்கிவிட்டால் தலைபாரம் குறையும். ராமாபுரம், வழிசோதனைப்பாளையம் பக்கத்து வாழைக்கு ஐப்பசிப் புயலைவிட சித்திரை, வைகாசிச் சூறைக்காற்று பெரிய எதிரி. குலை தள்ளிய மரத்துக்குச் சவுக்குக் கழியை, குலை சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கட்டினால் அந்த இடத்தில்தான் மரம் ஒடியும்.

கோடை இடி மழையில் மரத்தடியும் வயல்வெளிப் பம்பு செட் கொட்டகையும் ஆகாத இடங்கள். மின்னலுக்குத் தாமினி செயலி இருக்கிறது. இடிச்சத்தம் கடைசியாகக் கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வயலில் இறங்க வேண்டாம்.

தண்ணீருக்கு வீட்டைக் கட்டுவது

வாசலில் மணல் மூட்டை அடுக்குவதில் எல்லோரும் செய்யும் தவறு, சாக்கை நிரப்பி வாயைக் கட்டுவது. உருண்டையாக இருக்கும் மூட்டைகளுக்கு இடையில் தண்ணீர் சுலபமாக வந்துவிடும். பாதி மட்டும் நிரப்பி, வாயை மடித்து அடியில் விட்டுப் படுக்க வைத்து, மேலே ஏறி மிதியுங்கள். செங்கல் கட்டுவது போல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வர வேண்டும். முதலில் தார்ப்பாயையோ தடித்த பாலித்தீன் ஷீட்டையோ தரையில் விரித்து, தண்ணீர் வரும் பக்கத்தில் சுவர் மாதிரி மேலே ஏற்றி, மேல் வரிசை மூட்டைக்கு அடியில் செருகுங்கள். மூன்றரை அடி வாசலுக்கு ஒரு அடி உயரம் அடைக்க இப்படிப் பாதி நிரப்பிய உரச்சாக்கு பத்துப் பன்னிரண்டு வேண்டும். வெயிலில் கிடந்த உரச்சாக்கு பொடிந்துபோயிருக்கும், இழுத்துப் பார்த்து எடுங்கள். தண்ணீர் ஒன்றரை, இரண்டு அடிக்கு மேல் வரும் என்றால் வாசலை அடைத்துப் போராட வேண்டாம். வெளியே அந்த உயரமும் உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருந்தால் பழைய சுவர் அழுத்தம் தாங்காமல் விழும். பொருளை மேலே ஏற்றிவிட்டு ஆட்கள் கிளம்புவதுதான் சரி.

வாசலை அடைத்துவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுவோம். செப்டிக் டேங்க் மூழ்கினால் சாக்கடை கோப்பை வழியாக வீட்டுக்குள் வரும். பழைய துணியைப் பாலித்தீன் பையில் திணித்துக் கட்டி, கோப்பைத் துவாரத்தில் அழுத்தி, மேலே ஒரு மணல் மூட்டை வையுங்கள். குளியலறை, சமையலறை வடிகால் துவாரங்களுக்கும் அப்படியே.

தண்ணீர் படியைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். காலடியில் தண்ணீர் நிற்கும்போது மெயினைத் தொடக் கூடாது, மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987. கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள், பாதி காலியான சிலிண்டர் மிதக்கும். சம்ப் மூடிக்கும் போர் குழாய் வாய்க்கும் தடித்த பாலித்தீன் சுற்றிக் கயிறு கட்டுங்கள். மாட்டைக் கட்டுத்தறியில் விட்டுப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்ட நேரமில்லையென்றால் கயிற்றை அறுத்துவிடுங்கள், மாட்டுக்கு நீந்தத் தெரியும்.

வீட்டில் வைக்க வேண்டியது

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ரஸ்க், பேரீச்சை, அடுப்பு இல்லாமல் சாப்பிட முடிகிற எதுவும். கேஸ் சிலிண்டரை நவம்பர் முதல் வாரத்திலேயே பதிவு செய்து கையில் ஒன்று நிறைத்து வைத்துக்கொள்ளுங்கள். சுகர், பிரஷர், வலிப்பு மாத்திரை 15 நாளைக்கு. பிரிக்காத இன்சுலினை, இரண்டு மண்பானையை ஒன்றினுள் ஒன்று வைத்து நடுவில் ஈரமணல் நிரப்பி, உள்பானையில் வையுங்கள், கரண்ட் இல்லாமலேயே குளிர்ச்சி நிற்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனையில் பேசி ஒரு முறையை முன்கூட்டியே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணைத் தெருவில் தண்ணீர் வருவதற்கு முன்பே மருத்துவமனையில் சேர்ப்பது பற்றிச் சுகாதார செவிலியரிடம் பேசுங்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் ஜிப் கவரில், ஒரே பையில். கையில் சில்லறை நோட்டாக ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வேண்டும். டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. பட்டன் போன் ஒன்று இருந்தால் அதன் சார்ஜ் நான்கு நாள் நிற்கும். பேட்டரியில் ஓடும் ரேடியோ இன்றைக்கும் நம்பத்தக்கது.

தெரு செய்ய வேண்டியது

தனி வீடு எவ்வளவு தயாராக இருந்தாலும் தெருமுனைச் சிறுபாலத்தின் அடியில் அடைத்திருந்தால் பயனில்லை. ஒரு தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, யாரிடம் மரம் அறுக்கும் மெஷின், யாரிடம் டீசல் எஞ்சின், யாருக்கு நீச்சல், எந்தக் கான்கிரீட் வீட்டு மாடியில் எத்தனை பேர் ஏறலாம், இவ்வளவையும் எழுதுங்கள். ஒவ்வொரு நடக்க முடியாதவருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர், லைன்மேன் எண்களோடு 1070 (மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி) என்பதையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மீனவக் கிராமங்களில் கடலோரக் காவல்படையின் 1554 சேரும். வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்ப முடியாது, தாளில் இருப்பதுதான் டவர் இல்லாத இரவில் படிக்கக் கிடைக்கும்.

ஏரிக்கரை ஊர்களில் மழை இரவில் இருவர் இருவராகக் கரையை நடந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் தண்ணீர்ப் பக்கம் அல்ல, வயல் பக்கத்து அடிவாரம். அங்கே தெளிந்த நீர் கசிந்தால் அடையாளம் வைத்து அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். கசிவு கலங்கி, மண்ணோடு கொப்பளித்து வந்தால் கரை உள்ளே அரிக்கிறது. அப்போது அந்த ஓட்டையின் வாயில் மண்ணைப் போட்டு அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடி இன்னும் பெரிதாக உடைக்கும். கசிவைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்று உறை மாதிரி வட்டமாகக் கட்டி, உள்ளே நீர் உயர விடுங்கள். உயர்ந்த நீர் கசிவை எதிர்த்து அழுத்தும், வேகம் குறையும், மண் வருவது நிற்கும். வெளியே வழியும் நீர் தெளிந்துவிட்டால் வேலை சரி. தெளியும்வரை இன்னொரு வரிசை மூட்டை ஏற்றுங்கள். கூடவே ஒருவர் நீர்வளத் துறைக்கும் (புதுச்சேரியில் பொதுப்பணித் துறைக்கும்) கீழ் ஊருக்கும் தகவல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

வடிந்த பிறகு

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கறையும் சேதமும் ஒரே படத்தில் தெரியும்படி. அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், எங்கோ ஒரு கடையின் ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரலாம். ஜெனரேட்டரைக் கூடத்திலோ மூடிய வராண்டாவிலோ ஓட்டக் கூடாது, அதன் புகையில் மணமில்லாத நச்சு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போகும். மூழ்கிய மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். குவிந்த விறகையும் துணியையும் கையால் எடுக்காமல் கம்பால் கிளறுங்கள், பாம்பு மேட்டுக்கு வந்திருக்கும். கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சேற்றில் வேலை செய்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் நின்றேன் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணற்றை எஞ்சின் வைத்து ஒரேயடியாக இறைக்கக் கூடாது. சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது உள்ளே காலியானால் உறை சரிந்து விழும். மெதுவாக இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். அளவு இப்படி: கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீர் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்குங்கள், லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர். வழக்கமாக 1000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அதைப்போல் இரட்டிப்பு, அதாவது இங்கே சுமார் 50 கிராம். பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் அந்தப் பவுடர் செத்துவிட்டது, வேறு வாங்குங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களி மாதிரிக் குழைத்து, முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக ஆட்டுங்கள். அடியில் இருந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் உப்புக் கரிக்கிற மாதிரிக் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து நீரில் லேசான குளோரின் வாசம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி போடுங்கள். ஒரு மாதம் வரைக்கும் குடிப்பதைக் காய்ச்சிக் குடியுங்கள்.

சுவரில் தண்ணீர் நின்ற கறை வெள்ளையடித்தால் மறைந்துவிடும். வெள்ளையடிப்பதற்கு முன் பெயின்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய் மின்கம்பத்தில் இந்த ஆண்டின் கோட்டையும் போட்டுவிடுங்கள்.